செவிச்செல்வர்களுக்கு ஒரு வாழ்த்து மடல்

தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் நாடுகள் ஏராளம். அந்த ஆங்கிலம் எந்த நாட்டு நாவில் பிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில் உங்கள் அளவுக்குக் கண்ணும் கருத்துமாக இருப்பவர்கள் குறைவு. அந்தப் பற்றுக்கு ஒரு வாழ்த்து எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மிகையாக எதையும் சொல்லப்போவதில்லை. உங்களிடம் இருப்பதைச் சொன்னாலே போதும்.

முதலில் உங்கள் செவி. பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் ஒஹையோவா, ஒட்டாவாவா, மணிலாவா, மதுரையா என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பல ஆண்டுகள் ஒலிப்பதிவு கேட்டுக் கேட்டுப் பழக்கிய செவி அது. ஒரு மனிதர் சொல்ல வந்த சேதியை விட அவர் புறப்பட்டு வந்த ஊரை முந்திக் கேட்டுவிடும் செவி.

அது வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சியோலை ஒட்டிய ஒரு ஹாக்வோன். நம் ஊர் டியூஷன் சென்டர் போன்றதுதான். பள்ளி விட்ட பிள்ளைகள் இரவு பத்து மணி வரைகூட அங்கே இருப்பார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து தன் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். பாட்டி வீட்டில் மூன்று நாய்கள் இருந்தன என்று சொல்ல வந்தாள். 'த்ரீ' என்பது அவள் வாயில் 'ஸுரி' என்று வந்தது. கொரிய மொழியில் அந்த ஒலி கிடையாது. அருகில் இருக்கும் சகரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைக்கச் சொன்னார். மேசை டிராயரிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் சொன்னாள். மறுபடி சொன்னாள். இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை. அவர் கடிந்துகொள்ளவே இல்லை, குரலையும் உயர்த்தவில்லை. அப்படி ஒரு பொறுமை. கடைசியில் ஒலி வந்தது, வகுப்பு கைதட்டியது, அவள் உட்கார்ந்தாள். அந்த மூன்று நாய்களில் ஏதோ ஒன்றுக்கு என்னவோ ஆகியிருந்தது என்று அவள் எழுந்து நின்ற முகமே சொன்னது. என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த பிள்ளையின் முறை வந்துவிட்டது. ஒரு குழந்தையின் கதையைக் கைவிட்டு ஓர் ஒலியைக் காப்பாற்றுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

நீங்கள் அப்படிக் காப்பாற்றிய ஒலியைப் பற்றியும் சொல்லவேண்டும். அயர்லாந்தில் பலர் அந்த ஒலிக்கு நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டுவதில்லை. மேற்பல்லின் பின்புறத்தில் நாக்கை ஒட்டி, ஏறத்தாழ நம் தமிழ்த் தகரம் போலவே சொல்லிவிடுகிறார்கள். இந்தியர்கள் பேசும் ஆங்கிலத்திலும் நாக்கு போய்த் தொடும் இடம் அதுவே. லண்டன் தெருக்களில் பல இளைஞர்கள் 'ஃப்ரீ' என்றே சொல்லி மூன்றை எண்ணுகிறார்கள். அதே தகரத்தை டப்ளின்காரர் சொன்னால் வட்டார அழகு, திருச்சிக்காரர் சொன்னால் தாய்மொழிக் குறை. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒலியியல் கூடத்துக் கருவிகள் திணறும். உங்கள் செவி திணறியதில்லை.

அந்தச் செவிக்கு உங்கள் நாட்டுச் சட்டமும் துணை நிற்கிறது. அயல்நாட்டவர் மொழி கற்பிக்க வருவதற்கு இ-2 என்றொரு விசா உண்டு. ஆங்கிலம் என்றால் அது ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஒரு பட்டம் இருந்தால் போதும்; அது எந்தப் பாடத்தில் வாங்கியதாகவும் இருக்கலாம். இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இந்தியரும் ஆங்கில உதவி ஆசிரியராக வரலாம் என்று ஒரு கதவு திறந்தது. ஆனால் இந்தியருக்குப் பட்டம் மட்டும் போதாது. ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். கற்பிக்கக் கற்றவரிடம் சான்றிதழ் கேட்டு, கல்லாதவரிடம் பாஸ்போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளும் பெருந்தன்மை அது. சட்டத்தை எழுதியவர்கள் நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்துக்கு முன்பே அதன் வாசகம் உங்கள் ஆசிரியர் அறைகளில் எழுதாக்கிளவியாக இருந்தது என்பதும் தெரியும்.

பிலிப்பைன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தும் மொழியும்கூட. செபுவிலும் பாகியோவிலும் கொரிய மாணவர்களுக்கென்றே ஆங்கிலப் பயிற்சி நிலையங்கள் நடக்கின்றன. விடுமுறை விட்டால் உங்கள் மாணவர்கள் அங்கே போய்த் தங்கி, ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று நாள்முழுக்கப் படித்துவிட்டு வருகிறார்கள். போக முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே தொலைபேசியிலும் கணினியிலும் பிலிப்பைன்ஸ் ஆசிரியையிடம் பேசிப் பழகுகிறார்கள். கட்டணமும் குறைவு. செபுவில் இருக்கும் வரை அந்தப் பெண்மணியின் ஆங்கிலம் உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஆங்கிலம். இன்ச்சொன் விமான நிலையத்தில் அவர் வந்து இறங்கினால் அதுவே தகுதியற்ற ஆங்கிலம் ஆகிவிடுகிறது. கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்று எங்கள் ஊரில் ஒரு காலத்தில் சிலர் நம்பினார்கள். எங்களால் நெடுநாள் கட்டிக்காக்க முடியாத அந்த நம்பிக்கைக்கு நீங்கள் ஒரு புகலிடம் தந்திருக்கிறீர்கள்.

வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் பல ஹாக்வோன்கள் புகைப்படமும் கேட்கின்றன. குரலைத் தேர்ந்தெடுக்க முகம் எதற்கு என்று அறியாதவர்கள் கேட்பார்கள். டொனால்ட் ரூபின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் பக்கம்தான் நிற்கிறது. ஒஹையோவில் வளர்ந்த ஒருவர் பேசிய விரிவுரையின் ஒலிப்பதிவை அவர் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சாராருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும், இன்னொரு சாராருக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டி, பேசுபவர் இவர்தான் என்றார். ஒலிப்பதிவு ஒன்றே. ஆசிய முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்களின் காதில் இல்லாத அயல் சாயல் விழுந்தது; பாடமும் குறைவாகவே புரிந்தது. ஆக, காது கேட்பதைக் கண் முடிவு செய்கிறது என்பதை நீங்கள் ஆய்வு எதுவும் இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறீர்கள். அறிந்ததோடு விடவில்லை; விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

உங்கள் நாட்டில் ஆங்கிலக் கேட்டல் தேர்வுக்குக் கிடைக்கும் மரியாதை வேறெங்கும் கிடைக்காது. நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் சுனுங் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வு நடக்கிறது. ஆங்கிலத் தாளின் 45 கேள்விகளில் 17 கேட்டுப் புரிந்து எழுதுபவை. அந்தப் பகுதியை ஒட்டி 35 நிமிடம் நாடு முழுவதும் விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடை. வானத்தில் இருப்பவை உயரத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்கின்றன. பிள்ளைகளின் காதில் ஒரு தூசும் விழக்கூடாது என்று ஒரு தேசமே மூச்சை அடக்கி நிற்கும் அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்க்கிறது. அந்த அமைதியில் ஒலிப்பது வட அமெரிக்கக் குரல். இரைச்சலை விலக்கியது போலவே மற்ற எல்லா மனிதர்களின் ஆங்கிலத்தையும் விலக்கிவிட்டீர்கள். லாகோஸ், சிங்கப்பூர், நைரோபி, சென்னை எல்லாம் அந்த விமானங்களோடு மேலேயே வட்டமடிக்கின்றன.

வெளியே காற்று மாறியதை நீங்கள் அறியாமலில்லை. ஜப்பானியர் கேட்டுக்கொண்டதால் உருவாகி 1979-இல் அங்கே முதன்முதலாக நடந்த டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வு, உங்கள் நாட்டிலும் வேலைக்குப் போகும் ஏராளமான இளைஞர்கள் எழுதும் தேர்வாயிற்று. அதை நடத்துபவர்கள் 2006-இல் கேட்டல் பகுதியில் பிரிட்டிஷ், கனடிய, ஆஸ்திரேலியக் குரல்களைச் சேர்த்தார்கள். உடனே உங்கள் பயிற்சி நிலையங்கள் ஆஸ்திரேலியக் குரலுக்குத் தனிப் பயிற்சி தொடங்கின. கேள்வித்தாளில் வந்தால் எந்தக் குரலையும் மதிக்க உங்களுக்குத் தெரியும். கேள்வித்தாளில் வராத மனிதர்கள் அதில் வரும்வரை காத்திருக்கிறீர்கள்.

உங்கள் பற்று வகுப்பறையோடு நிற்கவில்லை. வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், குழந்தையின் நாக்கின் அடியில் இருக்கும் சவ்வை அறுத்துவிட்டால் ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் பிசகாமல் வரும் என்று நம்பிச் சில பெற்றோர் அறுவை சிகிச்சைக்கே போனார்கள். அமெரிக்காவில் பிறந்த கொரியக் குழந்தைகள் அதே நாக்கோடு அதே ஒலிகளைச் சரளமாகச் சொல்லி வளர்வது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த ஒன்று. ஆனாலும் ஒரு தாய் தன் பிள்ளையை அந்த மேசையில் படுக்க வைக்கிறாள் என்றால், பிள்ளையின் வாயில் ஏதோ பிழை இருக்கிறது என்று அவளை யாரோ அத்தனை ஆழமாக நம்ப வைத்திருக்க வேண்டும். உங்கள் நாட்டு மனித உரிமை ஆணையம் தயாரித்து 2003-இல் வந்த திரைப்படத் தொகுப்பில் பார்க் ஜின்-பியோ இதை ஒரு குறும்படமாகவே எடுத்தார். ஆசிரியரின் சொல் இவ்வளவு தூரம் வேலை செய்த நாடுகள் உலகில் அதிகம் இல்லை.

இனி உங்கள் தன்னடக்கம். இதை எழுதும்போதுதான் என் கை தயங்குகிறது. ஏனென்றால் உங்கள் குணங்களில் என்னை மிகவும் பாதித்தது இதுதான். உங்களில் இளையவர்கள் 1997-இல் ஆரம்பப் பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயமான பிறகு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தைகள். கடுமையான நியமனத் தேர்வை எழுதி, பெரும்போட்டியில் வென்று அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள். ஆங்கில இலக்கணத்தில் உங்களுக்குத் தெரிந்ததில் பாதி கூட கன்சாஸில் வளர்ந்த பட்டதாரிக்குத் தெரியாது. ஆனால் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களை அழைக்க 1995 முதல் நடக்கும் அரசுத் திட்டத்தில் வருகிற அந்த இளைஞர் வகுப்புக்குள் நுழைந்ததும் நீங்கள் கரும்பலகைப் பக்கத்திலிருந்து விலகி மூலைக்குப் போய் நின்றுகொள்கிறீர்கள். பிள்ளைகள் சத்தம் போட்டால் அடக்குகிறீர்கள். அவர் சொன்னது புரியவில்லை என்றால் மொழிபெயர்க்கிறீர்கள். ஆசிரியர் அறையில் அவர் இருக்கும்போது ஆங்கிலத்தில் பேசவேண்டி வந்தால் அவசரமாகத் தேநீர் எடுக்கப் போகிறீர்கள்.

உங்கள் மாணவர்களைப் போன்ற வாயோடு பிறந்து, அவர்கள் தடுக்கிய அதே இடங்களில் தடுக்கி, எழுந்து, ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர் அந்த அறையில் இருக்கிறார். இது முடியும் என்பதற்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே சான்று அவர்தான். அந்தச் சான்றை நீங்களே மூலையில் நிறுத்தி வைக்கிறீர்கள். தன்னை இவ்வளவு தூரம் தாழ்த்திக்கொள்ளும் அடக்கம் துறவிகளுக்கும் அரிது. அதைப் பார்த்துப் பார்த்து உங்கள் பிள்ளைகளும் அந்த அடக்கத்தை உங்களிடமிருந்து பிசகில்லாமல் கற்றுக்கொள்கிறார்கள். வேறு எந்தப் பாடத்தையும் அவர்கள் இவ்வளவு நன்றாகக் கற்றதில்லை.

இந்த அடக்கத்துக்கு ஒரு பரம்பரையும் உண்டு. 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும், அதற்குச் சிறந்த ஆசிரியர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே என்னும் எண்ணங்கள் அங்கிருந்து வலுப்பெற்று உலகெங்கும் பரவின. ராபர்ட் ஃபிலிப்சன் 1992-இல் எழுதிய நூலில் இவை கொள்கைகள் இல்லை, மயக்கங்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் காட்டினார். 1994-இல் ஹங்கேரியைச் சேர்ந்த பீட்டர் மெட்ஜெஷ், மொழியைப் பாடுபட்டுக் கற்ற ஆசிரியருக்குத்தான் கற்பவரின் சங்கடம் முன்கூட்டியே தெரியும் என்று ஒரு நூலே எழுதினார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, மேலை நாட்டுப் பாடநூலின் ஓரங்களில் தமிழ் மாணவர்கள் கிறுக்கி வைத்ததைக்கூட ஆராய்ந்து, ஆங்கிலத்தைத் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ள அவர்கள் எப்படி வழி தேடினார்கள் என்று 1999-இல் எழுதினார். இவர்களில் யாரையும் நீங்கள் படிக்காமல் இல்லை. உங்கள் கல்வியியல் துறைகளில் இவையெல்லாம் பாடம். இவற்றைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் நீங்கள். படித்ததை வகுப்பறை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும் ஒழுக்கம் உங்களுடையது.

அந்த உறுதியை ஆய்வுகளால் அசைக்க முடியவில்லை. அயல் சாயல் பலமாக இருக்கும் பேச்சும் கேட்பவருக்கு முழுதாகப் புரியலாம் என்று மன்ரோவும் டெர்விங்கும் 1995-இல் காட்டினார்கள். வெவ்வேறு நாட்டவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலி தவறினால் பேச்சு தடைபடுகிறது, எது தவறினாலும் பாதகமில்லை என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் ஒரு பட்டியல் போட்டார். நீங்கள் கண்ணாடி பிடித்துக் காத்த அந்த ஒலி, பாதகமில்லாத பக்கத்தில் இருந்தது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்தர அளவுகோலை 2018-இல் திருத்தியபோது, தாய்மொழியாளரை அளவாக வைத்த வரிகளை மாற்றி எழுதியது; உச்சரிப்பில் புரியும்படி இருப்பதையே முதன்மையாக வைத்தது. அளவுகோல் செய்தவர்களே அளவை மாற்றிவிட்ட பிறகும் பழைய அளவுக்கு விசுவாசமாக இருப்பவர்கள் நீங்கள்.

பலன் என்ன என்று கேட்பவர்கள் உங்கள் வகுப்பறைக்கு வந்து பார்க்கட்டும். பத்தாண்டு ஆங்கிலம் படித்த பிள்ளைகள் தவறு செய்வதே இல்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பேசாத வாயில் எந்த நாட்டுச் சாயலும் இருக்காது. வாசிக்கச் சொன்னால் வாசிக்கிறார்கள், எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள். தங்கள் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மட்டும் அவர்களுக்கு மனம் வருவதில்லை. அந்தப் பிள்ளைகளை நான் நேசிக்கிறேன். எங்கள் ஊரிலும் ஆங்கிலத்துக்கு அஞ்சி வாய் மூடிய பிள்ளைகள் உண்டு. அந்த முகங்கள் எனக்குப் பழக்கம்.

அவர்களில் சிலர் பொறியாளர்களாகி எங்கள் பக்கம் வருகிறார்கள். ஹூண்டாய் 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து அந்த வட்டாரத்தில் கொரியர்களின் வரவு நிற்கவில்லை. உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் புதிதாக வந்திறங்கிய இளம் பொறியாளர் ஒருவரைப் பார்த்தேன். டோயிக் தேர்வில் நல்ல மதிப்பெண். அமெரிக்கப் படங்களைச் சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பவர். அவருக்குத் தன் ஷிஃப்ட் ஃபோர்மன் பேசும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பில் அப்படி ஒரு குரல் அவர் காதில் விழாமல் அத்தனை பத்திரமாக வளர்த்திருந்தீர்கள். தனக்கு ஆங்கிலம் தெரியாது என்றே அவர் முடிவு கட்டியிருந்தார்.

ஃபோர்மன் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், ஐடிஐ படித்தவர். தம்பி, மெதுவாகக் கேளுங்கள் என்று கையாலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு விதமாகச் சொல்வார். கொரியர் வாயில் 'பொஸு' என்று வந்ததும், இவர் வாயில் 'பஸ்ஸு' என்று வந்ததும் சாயங்காலம் எந்த வண்டியில் போவது என்ற பேச்சில்தான் முதலில் சந்தித்தன. இருவர் மொழியும் சில மெய்யெழுத்துகளில் சொல்லை முடிக்க விடாமல் பின்னால் ஓர் உயிரைச் சேர்க்கும் என்று இருவருக்கும் யாரும் சொன்னதில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. டார்க் எவ்வளவு, எந்த போல்ட், எத்தனை மணிக்கு லாரி வரும் என்று பேசிப் பேசிச் சில மாதங்களில் அந்த இளைஞர் நாலு பேர் நடுவில் வாய்விட்டு ஆங்கிலம் பேசத் தொடங்கினார். தவறாகவும் பேசினார். யாரும் நிறுத்தவில்லை, சொல்ல வந்ததை முடித்தார்.

பத்தாண்டுகளுக்கு மேல் நீங்கள் பாதுகாத்து வைத்திருந்த வாயை ஓர் ஆலைத் தரையில் நின்று திறந்து காட்டியவர் அந்த ஃபோர்மன். உங்கள் நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க அவருக்குத் தகுதி கிடையாது.